படகு மோட்டாரின் பழைய வரி யார் தலையில்?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஒருவர் மீன்பிடிப் படகு வைத்திருந்தால், சொத்து வரிக் கணக்கில் அது ஒரு பொருளாக அல்ல, இரண்டு பொருளாக நிற்பதே நெடுநாள் வழக்கம். படகு ஒன்று. அதன் பின்பக்கம் மாட்டியிருக்கும் மோட்டார் இன்னொன்று. மோட்டாரை மட்டும் கழற்றி விற்றால் அதன் வரிக் கணக்கும் கூடவே கிளம்பிவிடும். வாங்கியவர் பணத்தை எண்ணிக் கொடுத்து, வண்டியில் ஏற்றி, வீடு வந்து சேர்ந்து, பெயர் மாற்றப் போய் நிற்கும்போது கவுன்டரில் சொல்வார்கள்: “இதற்கு மூன்று வருஷ வரி பாக்கி இருக்கிறதே!” கட்டாமல் விட்டவர் பழைய உரிமையாளர். கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர் புதியவர்.

நமக்குச் சொத்து வரி என்றால் வீடும் கடையும்தான் நினைவுக்கு வரும். மாநகராட்சியோ ஊராட்சியோ கட்டடத்துக்குப் போடும் வரி அது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அசையும் சொத்துக்கும் அதே பெயரில் வரி போடுகின்றன. கார், படகு, சிறு விமானம், கடையிலுள்ள இயந்திரங்கள் எல்லாம் அதில் அடங்கும். இதில் வாஷிங்டனிலுள்ள மத்திய அரசுக்குப் பங்கில்லை. சட்டம் மாநிலத்துடையது, மதிப்புப் போட்டுப் பணம் வசூலிப்பது கவுண்டி, அதாவது நம் மாவட்டத்தைவிடச் சிறிய நிர்வாகப் பிரிவு. அந்தப் பணத்தில்தான் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது, தீயணைப்பு வண்டி ஓடுகிறது. ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதமான சட்டம் என்பதால், ஓர் ஏரியின் இந்தக் கரையில் செல்லுபடியாகும் பதில் அந்தக் கரையில் தவறாகிவிடும்.

பிரச்சினையின் வேர் மோட்டாரின் அமைப்பிலேயே இருக்கிறது. படகின் வயிற்றுக்குள் பொருத்திய எஞ்சினைப் படகிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை வருவதில்லை. வெளியே தொங்கும் ‘அவுட்போர்டு’ மோட்டார் அப்படியல்ல. கன்னியாகுமரியிலிருந்து பழவேற்காடு வரை பைபர் படகுகளின் பின்னால் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நான்கு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், வேறு படகில் மாட்டலாம், தனியாக விற்கலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் மில்வாக்கி நகரில் இதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கினார். கார்ல் கீக்ஹாஃபர் 1939-இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் மெர்க்குரி என்ற பெயரில் வளர்ந்தது. அந்தக் காலத்து மோட்டார் ஓரிரு குதிரைத்திறன் கொண்டது, ஓர் ஆள் தோளில் தூக்கிப் போகலாம். இதே மெர்க்குரி 2021-இல் இறக்கிய மோட்டாரின் திறன் 600 குதிரைத்திறன். உள்ளே பன்னிரண்டு சிலிண்டர்.

அவ்வளவு பெரியது எல்லாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் சாதாரண மீன்பிடிப் படகில் மாட்டும் நடுத்தர மோட்டாரே புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். பழைய அலுமினியப் படகைவிட அதில் மாட்டிய மோட்டார் விலை அதிகம் என்பது அங்கே சகஜம். படகை மட்டும் மதிப்பிட்டு மோட்டாரை விட்டுவிட்டால் கவுண்டிக்கு வரவேண்டியதில் பாதிக்கு மேல் நழுவிவிடும். தென் கரோலினா மோட்டாரைத் தனிப் பொருளாகப் பிடித்து வைத்ததில் இந்தக் கணக்கு இல்லாமல் இருந்திருக்காது.

அங்கே படகு, மோட்டார் இரண்டின் உரிமைப் பதிவையும் பார்ப்பது போக்குவரத்துத் துறை அல்ல, இயற்கை வளத் துறை. ஐந்து குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள அவுட்போர்டு மோட்டாருக்கு, படகின் சான்றோடு சேராத தனி உரிமைச் சான்று உண்டு. பேச்சு வழக்கில் ‘டைட்டில்’. கார் விற்கும்போது டைட்டிலின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுத் தருவதுபோல மோட்டாருக்கும் போட்டுத் தர வேண்டும். யாரிடம் எந்த மோட்டார் இருக்கிறது என்ற பதிவு துறையிடமிருந்து கவுண்டிக்குப் போகும். கவுண்டி ‘ஆடிட்டர்’ மதிப்பையும் வரியையும் கணக்கிடுவார், ‘டிரஷரர்’ வசூலிப்பார். இங்கே ஆடிட்டர் என்றதும் வருமான வரிக் கணக்கு எழுதித் தருபவர் நினைவுக்கு வரலாம். அவரல்ல இவர்; மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி அதிகாரி.

வரி பாக்கி இருப்பதாகத் தகவல் வந்துவிட்டால் இயற்கை வளத் துறை பெயர் மாற்றித் தராது என்பதே நெடுநாள் விதி. முடிச்சு இங்கேதான் விழுகிறது. நியாயப்படி பார்த்தால் பாக்கி விற்றவருடையது. அவர் பயன்படுத்திய ஆண்டுகளுக்கான வரி அது. ஆனால் பெயர் மாற வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை. அவர் கையில் பணம் இருக்கிறது. அவசரமெல்லாம் வாங்கியவருக்கு. சான்று இல்லாத மோட்டாரை அவர் சட்டப்படி தன்னுடையது என்று காட்ட முடியாது, நாளைக்கு விற்கவும் முடியாது. போன் எடுக்காத விற்பனையாளரைத் துரத்துவதைவிடத் தானே கட்டித் தொலைப்பது மேல் என்று பலரும் கட்டிவிடுகிறார்கள். பிறகு வேண்டுமானால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போய் விற்றவரிடம் கேட்கலாம். கேட்கலாம் என்பதுதான், ஐந்நூறு டாலருக்காக வேலை நாளை விட்டுவிட்டு அலைபவர்கள் குறைவு.

தொகை எவ்வளவு இருக்கும்? தென் கரோலினாவில் இத்தகைய அசையும் சொத்துக்குச் சந்தை மதிப்பில் 10.5 சதவீதத்தை எடுத்து, அதன்மேல் வரி விகிதத்தைப் போடுவதே நெடுநாள் வழக்கம். விகிதத்தை ‘மில்’ கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு மில் என்பது டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மோட்டாரின் மதிப்பு 12,000 டாலர், கவுண்டியின் விகிதம் 300 மில் என்று வைத்துக்கொள்வோம். 12,000-இல் 10.5 சதவீதம் 1,260. அதற்கு 300 மில் என்றால் ஆண்டுக்கு 378 டாலர். மதிப்பு குறையவில்லை என்றே கொண்டால் மூன்றாண்டு பாக்கி 1,134 டாலர், அபராதம் தனி. மோட்டாரை 5,000 டாலருக்குப் பேரம் பேசி வாங்கியதாக மகிழ்ந்தவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

படகுக்காரர்கள் இந்த 10.5 சதவீதத்தைப் பற்றிப் புலம்பாத நாளில்லை. அதனால் கவுண்டி மன்றம் விரும்பினால் தீர்மானம் போட்டு மதிப்பில் 42.75 சதவீதத்தை விலக்கலாம் என்று சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. பார்த்தால் விசித்திரமான எண். மீதமுள்ள 57.25 சதவீதத்தை 10.5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் வரும். அந்த ஆறுக்கு வருவதற்காகவே செதுக்கிய எண் அது. மேலே சொன்ன அதே மோட்டாருக்கு அப்போது வரி 216 டாலராகக் குறையும். கதவைத் திறந்த கவுண்டிகளும் உண்டு, சாத்தியே வைத்தவையும் உண்டு. பக்கத்துக் கவுண்டியில் படகு கட்டும் இடம் தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் மீன் மட்டுமல்ல.

மதிப்பு மிகச் சொற்பமானால் வரியே இல்லை. 10.5 சதவீதம் எடுத்த பிறகு வரும் தொகை 50 டாலருக்கு மேற்படாத படகுக்கும் மோட்டாருக்கும் விலக்கு உண்டு. அதாவது சந்தை மதிப்பு சுமார் 476 டாலர் வரை. தாத்தா காலத்து ஒன்பது எச்.பி. மோட்டாரை வாங்குபவர் நிம்மதியாக இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டை மாநிலச் சட்டமன்றம் தொட்டுத் தொட்டுத் திருத்துவதும் உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை இருந்த படகுப் பதிவை 2020 ஜனவரி முதல் ஆண்டுதோறும் ஆக்கி, சொத்து வரியோடு பிணைத்துவிட்டார்கள். வரியைக் கட்டினால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். பாக்கி பல ஆண்டு தூங்கிக் கிடப்பதற்கு இது ஒரு முட்டுக்கட்டை. ஆனால் முட்டுக்கட்டை படகுக்குத்தான். மோட்டாருக்குப் பதிவு ஒட்டுச்சீட்டு கிடையாது; அதற்கு இருப்பது டைட்டில் மட்டுமே. யாரோ ஒருவர் கொட்டகையில் ஐந்தாண்டு கிடந்த மோட்டாரின் பாக்கியை வெளியே இருந்து பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, எல்லா மாநிலத்திலும் பாக்கி மோட்டாரோடு போகுமா? இல்லை. கேள்வியை இப்படி வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்: வரி பொருளைப் பிடித்திருக்கிறதா, ஆளைப் பிடித்திருக்கிறதா?

தென் கரோலினாவுக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே வைலி ஏரி கிடக்கிறது. கட்டாபா ஆற்றில் 1904-இல் கட்டிய அணையால் உண்டான ஏரி. மாநில எல்லைக்கோடு தண்ணீருக்குள்ளேயே ஓடுகிறது. வங்கியிலும் மென்பொருளிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள சார்லட் நகரம் பக்கத்தில்தான். கோடையில் படகு வாங்கும் ஆசை அவர்களையும் விடுவதில்லை. வடக்குப் பக்கத்தில் சட்டம் ஆளைப் பிடிக்கிறது. வட கரோலினாவில் ஜனவரி முதல் தேதி யாரிடம் படகும் மோட்டாரும் இருந்ததோ அவர் அந்த மாதமே கவுண்டியிடம் பட்டியல் கொடுக்க வேண்டும். தவறினால் பத்து சதவீதம் அபராதம். வரி செப்டம்பர் முதல் தேதி கட்ட வேண்டியதாகிறது. அடுத்த ஜனவரி 5 வரை வட்டியில்லை. ஜனவரி 2-ஆம் தேதி விற்றுவிட்டாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் விற்றவர்தான் பொறுப்பு. மாதக் கணக்கில் பங்கு போடுவது கிடையாது. அசையும் சொத்தின் வரி, வசூல் அதிகாரி அந்தப் பொருளை ஜப்தி செய்தால் ஒழிய அதன்மேல் பிணையாக ஒட்டுவதும் இல்லை. பழைய மோட்டாரை நல்ல எண்ணத்தில் வாங்கியவருக்கு இங்கே ஆபத்து குறைவு.

குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு படகுக் கடை மூடும்போது சரக்கு மொத்தத்தையும் ஒருவர் வாங்கினால் வட கரோலினாச் சட்டம் வாங்குபவரையும் சும்மா விடாது. விற்பவரின் வரி பாக்கிக்குரிய தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வைக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால், பாக்கி வாங்கியவர் தலையில் வந்து விழக்கூடும். ஒற்றை மோட்டார் வாங்கும் ஏரிக்கரைவாசிக்கு இது பொருந்தாது. பழைய மோட்டார் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குப் பொருந்தும்.

தென் கரோலினாவின் மேற்கு எல்லையில் ஹார்ட்வெல் ஏரி. ராணுவப் பொறியாளர் படை சவானா ஆற்றில் 1955 முதல் 1963 வரை அணை கட்டி உருவாக்கியது. எதிர்க்கரை ஜார்ஜியா. ஜார்ஜியாவில் படகுக்கும் டைட்டில் இல்லை, மோட்டாருக்கும் இல்லை. வரி உண்டு. ஜனவரி முதல் தேதி உரிமையாளராக இருந்தவர் ஏப்ரல் முதல் தேதிக்குள் கணக்குக் காட்ட வேண்டும், சந்தை மதிப்பில் 40 சதவீதத்தின்மேல் வரி. ஆனால் ஒருவரின் வரிக்குரிய அசையும் சொத்து மொத்தமே 7,500 டாலருக்குள் இருந்தால் விலக்கு என்றிருந்தது. 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்த வரம்பை 20,000 டாலராக உயர்த்திவிட்டார்கள். சிறு படகுக்காரர்கள் பலர் அதோடு தப்பித்துக்கொண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில். ஜார்ஜியாக் கரையில் டைட்டில் இல்லாமல் வாங்கிய மோட்டாரைத் தென் கரோலினாவுக்குக் கொண்டுவந்தால் அங்கே டைட்டில் கேட்பார்கள். கையில் இருப்பது விற்பனைச் சீட்டு மட்டும். அதில் சீரியல் எண் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் அலைச்சல்தான்.

மிசோரி வேறு வழி வைத்திருக்கிறது. ஓசார்க்ஸ் ஏரிக்காகப் பெயர்போன அந்த மாநிலமும் அவுட்போர்டு மோட்டாருக்கு டைட்டில் தருகிறது, அசையும் சொத்துக்கு வரியும் போடுகிறது. ஆனால் பதிவுக்குப் போகும்போது அவர்கள் கேட்பது வாங்குபவருடைய சொந்த வரி ரசீதைத்தான். விற்றவர் தன் பங்கைக் கட்டினாரா என்பது விற்றவருக்கும் கவுண்டிக்கும் உள்ள கணக்கு. புளோரிடாவில் இந்தத் தலைவலியே இல்லை: படகுக்கு உரிமக் கட்டணம் மட்டும், சொத்து வரி கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் ஒவ்வோர் ஊரும் தன் விகிதத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியா பீச் நகரம் உல்லாசப் படகுகளை வரவழைக்க, நூறு டாலருக்கு ஒரு சென்ட்டில் சிறு துணுக்குகூட இல்லாத விகிதத்தை ஏட்டளவில் வைத்தது. வரி இருக்கிறது, ஆனால் இல்லை.

இத்தனையையும் பார்த்தால் பொருளைப் பிடிக்கும் தென் கரோலினா முறை கவுண்டிக்கு வசதி, வாங்குபவருக்கு அநியாயம் என்றுதான் படுகிறது. கட்டாதவரைத் தேடிப் பிடிக்கும் வேலையை அரசு வாங்குபவரிடம் தள்ளிவிடுகிறது. அதற்கு ஒரு பதில் இருக்கிறது: பெயர் மாற்றும் மேசையில் தடுத்து நிறுத்தாவிட்டால் பாக்கி ஒருநாளும் வராது. இருக்கலாம். ஆனால் பாக்கி இருக்கும் தகவல் விற்பனைக்கு முன்பே எவரும் பார்க்கும்படி இருந்தால் பாதிச் சண்டை இல்லை.

பழைய மோட்டார் வாங்குபவர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. படகையும் மோட்டாரையும் சேர்த்து விற்பவர் படகின் டைட்டிலை மட்டும் கொடுப்பார். மோட்டாருக்கும் தனியாக உண்டு என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அல்லது படகில் முதலில் இருந்த மோட்டாரைக் கழற்றிப் புதிதாக மாட்டியிருப்பார்கள். தரும் டைட்டில் கழற்றியதற்கு உரியது, மாட்டியிருப்பது வேறொன்று. இன்னும் மோசம், திறந்த டைட்டில். விற்பவர் தன் பெயருக்கு மாற்றாமலேயே, தனக்கு முன்பிருந்தவர் கையெழுத்திட்ட சான்றை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் மூன்று கை மாறிய மோட்டார் சைக்கிளை வாங்கி, யாரோ வாங்கிய அபராதங்களுக்குப் பதில் சொல்வதைப் போலத்தான். இறந்துபோன அப்பாவின் மோட்டாரை மகன் விற்கும்போதும் வாரிசுக் காகிதம் இல்லாமல் பேரம் முடிந்துவிடுகிறது.

தப்பிக்க வழி சிக்கலானதல்ல, கொஞ்சம் பொறுமை வேண்டும். மோட்டாரைப் படகில் பிடித்திருக்கும் தாங்கியில் ஒரு சிறு தகட்டில் சீரியல் எண் இருக்கும். படகின் உடலில் பொறித்திருக்கும் பன்னிரண்டு எழுத்து அடையாள எண் வேறு, அது படகுக்குத்தான். தகட்டு எண்ணும் டைட்டிலிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். தகடு சுரண்டியோ பிய்த்தோ இருந்தால் வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. அந்த மோட்டாரைத் தொடவே கூடாது. எண் சரியாக இருந்தால், விற்பவர் படகு வைத்திருக்கும் கவுண்டியின் ஆடிட்டர் அலுவலகத்துக்கோ டிரஷரர் அலுவலகத்துக்கோ அந்த எண்ணைச் சொல்லிப் பாக்கி உண்டா என்று கேட்கலாம். அவர் அண்மையில் வீடு மாறியவர் என்றால் பழைய கவுண்டியிலும் கேட்பது நல்லது. கடனில் வாங்கிய மோட்டாரா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிட வேண்டும். வங்கியின் உரிமை தீராமல் இருந்தால் அது டைட்டிலில் தெரியும்.

பாக்கி இருந்தாலும் பேரத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து கவுண்டி அலுவலகத்துக்குப் போய், விலையிலிருந்து பாக்கியை அங்கேயே கட்டி, ரசீதோடு மீதியை விற்பவர் கையில் கொடுக்கலாம். ‘முந்தைய வரிக்கெல்லாம் விற்பவரே பொறுப்பு’ என்று விற்பனைச் சீட்டில் எழுதி வாங்குவதும் நல்லதுதான். ஆனால் அந்த வாசகம் விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும், கவுண்டியைக் கட்டுப்படுத்தாது.

விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். வாங்கியவர் பெயரை மாற்றாமல் போட்டுவைத்தால், துறையின் ஏட்டில் மோட்டார் இன்னும் பழைய பெயரில்தான் கிடக்கும். அடுத்த ஆண்டு வரிச் சீட்டு அவர் வாசலுக்கே வரும். விற்ற தேதியையும் வாங்கியவர் விவரத்தையும் இயற்கை வளத் துறைக்கும் கவுண்டிக்கும் எழுதித் தெரிவித்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் பிறகு வாதாட ஓர் ஆதாரம் கிடைக்கும்.

அமெரிக்காவில் பழைய படகு மோட்டார் வாங்க நினைக்கும் நண்பரோ உறவினரோ இருந்தால் அவர்களிடம் சொல்லிவையுங்கள்: “வரியெல்லாம் கட்டியாச்சு” என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது, கவுண்டியின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். சட்டம் மாறியிருக்கலாம் என்பதால் வாங்கும் வாரத்திலேயே ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ரசீதும் இல்லை, போன் செய்யவும் விடமாட்டேன் என்கிறாரா? வேறு மோட்டாரைத் தேடுங்கள்.